ஆனி ஆடிக்கும் தவணை உண்டு

குமரி மாவட்டக் கடற்கரையில் ஒருவர் படகு வாங்கப் போகிறார் என்றால் ஊர்க்காரர்களின் கேள்விகள் வரிசையாக வரும். எத்தனை அடி, என்ன எஞ்சின், எந்தத் துறை, என்ன வலை? "வலையெல்லாம் இல்லை, சும்மா பிள்ளைகளோடு சுற்றி வரத்தான்" என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி வராது. ஒரு பார்வை மட்டும் வரும்.

என் தங்கை வீட்டு மாப்பிள்ளை அந்தப் பார்வையை நிறையவே வாங்கியிருக்கிறார். குவைத்திலிருந்து ஊர் திரும்பியவர். மணக்குடிக் காயலில், பழையாறு கடலைத் தொடுவதற்கு முன்னால் அகலமாகப் படுத்துக் கிடக்கும் அந்த இடத்தில், ஒரு சின்ன ஃபைபர் படகில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தங்கநகையாக வாங்கிப் பெட்டியில் வைப்பதற்கும், ஊரில் யாரும் குடியிருக்காத மாடியை எழுப்புவதற்கும் செலவழிக்கிற ஊர் இது. ஒருவர் தண்ணீரில் மிதக்க ஆசைப்படுவதில் என்ன வந்தது? நான் வங்கிக் கவுண்டரில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் பணப் பக்கத்தை மட்டும் என்னிடம் கொண்டுவந்தார்.

கொச்சியில் ஒரு விற்பனையாளர், எஞ்சினோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் என்று விலை சொல்லியிருந்தார். கூடவே ஒரு யோசனையும் இலவசமாகக் கொடுத்திருந்தார். "வைப்புநிதியை உடைக்காதீங்க, கடன் போடுங்க. நிதியும் வளரும், படகும் வரும்." அதற்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அதை என் முன்னால் விரித்து வைத்து, "மச்சான், இது லாபமாக்கும்" என்றார்.

கணக்கு இதுதான். 5 லட்சத்தை 7 சதவீத வட்டியில் 5 வருஷம் வைப்பில் விட்டால், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்து சுமார் 7.07 லட்சமாக வரும். வட்டி மட்டும் 2.07 லட்சம். அதே 5 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 5 வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 11,122 ரூபாய். 60 மாதத்தில் கட்டுவது ஏறத்தாழ 6.67 லட்சம். அதாவது வட்டி 1.67 லட்சம். வரவு 2.07, செலவு 1.67, ஆக 40,000 ரூபாய் லாபம்!

இரண்டு கூட்டலும் சரி. ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. அதனால்தான் இந்தக் காகிதம் இவ்வளவு பேரை மயக்குகிறது. காருக்கும் இதையே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் 12 சதவீதத்துக்கு வாங்கி 7 சதவீதத்துக்குப் போட்டால் லாபம் வரும் என்பதை எந்தச் சாலைக்கடை வட்டிக்காரரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

ஓட்டை எங்கே என்றால், அந்த 11,122 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி காகிதத்தில் இல்லை. வைப்புநிதி அப்படியே கிடக்கிறது, சரி. அப்போது தவணை மாதாமாதம் வேறு பையிலிருந்துதானே போகிறது? படகைக் கைக்காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்தப் பையில் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அதை அதே 7 சதவீதத்தில் மாதாந்திரத் தொடர்வைப்பில் போட்டிருந்தால் 5 வருஷக் கடைசியில் சுமார் 8 லட்சம் கையில் இருக்கும். கடன் வாங்கியவரிடம் இருப்பது 7.07 லட்சம். இருவரிடமும் ஒரே படகு, ஒரே வயசு. வித்தியாசம் சுமார் 92,000 ரூபாய், கடன் வாங்கியவருக்கு நஷ்டமாக.

வரியையும் சேர்த்தால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று மாப்பிள்ளை கேட்டார். வைப்பின் வட்டிக்கும் தொடர்வைப்பின் வட்டிக்கும் வரி உண்டு. சொந்த உல்லாசத்துக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு எந்த வரிக்கழிவும் கிடையாது. ஆக, வரியைச் சேர்த்தாலும் கணக்கு கடன் வாங்கியவர் பக்கம் சாயாது. குவைத்தில் இருந்தவரை அவருடைய என்.ஆர்.இ. வைப்புக்கு, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வைப்புக்கு, வரி இல்லை. ஊர் திரும்பி உள்ளூர்வாசியான பிறகு அந்தச் சலுகை போய்விட்டது. வளைகுடாவிலிருந்து வந்த பலர் இதை முதல் வருஷ முடிவில்தான் கவனிக்கிறார்கள்.

"மாசாமாசம் யாரு மச்சான் ஒழுங்கா தொடர்வைப்புல போடுவா? கடன்னா வங்கியே பிடிச்சிடும்" என்றார். இது நியாயமான பதில். மனுஷ சுபாவம் அப்படித்தான். ஆனால் தன்னைக் கட்டிப்போட 92,000 ரூபாய் கொடுப்பது கொஞ்சம் அதிகக் கூலி. தொடர்வைப்பையும் வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கலாம், கூலி இல்லாமல்.

இன்னொரு வார்த்தையும் அந்தக் காகிதத்தில் ஓரமாக இருந்தது. வங்கி இல்லாமல் வேறு ஒரு நிதி நிறுவனத்தில் "8 சதவீதம் மட்டுமே, ஃபிளாட்" என்று. ஃபிளாட் என்றால் கடைசி மாதம் வரைக்கும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள், நீங்கள் பாதி அசலை அடைத்திருந்தாலும் சரி. வருஷம் 40,000 வீதம் 5 வருஷத்துக்கு 2 லட்சம். தவணை 11,667. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 14 சதவீதத்துக்கு மேலே நிற்கும். 8 என்ற எண்ணைப் பார்த்து 12 சதவீத வங்கியை விட்டுவிட்டு ஓடியவர்களைக் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வங்கி இதற்குப் படகுக்கடன் என்று பெயர் போட்டுத் தருமா? காருக்குத் தருவதுபோல எளிதில் தராது. காரின் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறும். தவணை நின்றால் வண்டியை எடுத்து ஏலம் விடலாம், வாங்க ஆள் உண்டு. தென்னந்தோப்பில் கவிழ்த்துப் போட்டிருக்கும் உல்லாசப் படகை எடுத்துக்கொண்டு கிளை மேலாளர் என்ன செய்வார்? ஆகவே அது கடைசியில் தனிநபர் கடனாகத்தான் வரும். அடமானம் இல்லாத கடன் என்பதால் வட்டியும் அதற்கேற்றபடி. பல இடங்களில் முன்கூட்டி அடைத்தால் அதற்கும் ஒரு கட்டணம்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியைச் சொல்லியாக வேண்டும். மீன்பிடிப் படகுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான படகுக்கு முன்பு 28 சதவீதமும் அதன்மேல் 3 சதவீதக் கூடுதல் வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வரியோடு சேர்த்து 5 லட்சம் என்று சொன்ன படகில் படகின் விலை சுமார் 3.57 லட்சம்தான். மீதி 1.43 லட்சம் வரி. புதுப்படகைத் தண்ணீரில் இறக்கிய அன்றைக்கே யாரும் திருப்பித் தராத பணம் அது. கடனில் வாங்கினால் அந்த வரிக்கும் சேர்த்து 5 வருஷம் வட்டி கட்டுவீர்கள். இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோதுதான் அவர் முகம் முதல்முறையாக மாறியது. தனியார் ஒருவரிடமிருந்து பழைய படகை வாங்கினால் இந்த வரி புதிதாக ஏறாது. முதல் ஆள் கட்டியாயிற்று, பெரும்பாலும் விலையிலும் இழந்தாயிற்று.

"மீன்பிடிப் படகுன்னு பில் போட்டுத் தரட்டுமா" என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். கடலில் மீன்பிடிக்கிற படகுக்கு 1983-ம் வருஷத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ்ப் பதிவும் உரிமமும் தனி வழி. காயலிலும் ஆற்றிலும் எஞ்சின் வைத்து ஓட்டும் கலத்துக்கு 2021-ம் வருஷ உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவு கேட்கிறது. ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிட்டு நடுக்காயலில் ஒரு விபத்து நடந்தால் காகிதம் ஒன்றும் காப்பாற்றாது.

கைக்காசு என்று நான் சொல்வது கடன் இல்லாத பணத்தை. நோட்டுக்கட்டை அல்ல. எங்கள் பக்கத்தில் இதையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் ஒரே பரிமாற்றத்துக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக யாரும் பெறக் கூடாது. ரொக்கத்தைப் பெற்றவருக்கு, பெற்ற தொகை அளவுக்கே அபராதம். பல நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே படகு என்றால் ஒரே பரிமாற்றம்தான். நிலப் பத்திரத்தில் பழகிய கை, படகு விஷயத்திலும் பையோடு கிளம்பிவிடக் கூடாது.

இனி, எனக்கு உண்மையில் பேச வேண்டிய விஷயம்.

எங்கள் கரையில் கடன் இல்லாமல் வள்ளம் இறக்கியவர்கள் குறைவு. அதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது. ஆனால் அந்தக் கடன் வேறு ஜாதி. பழைய காலத்தில் வியாபாரி முன்பணம் கொடுப்பார். பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். முன்பணம் தீரவே தீராது, தீர விடவும் மாட்டார்கள். அதை உடைக்கத்தான் கிராமம் கிராமமாக மீனவர் சங்கங்கள் எழுந்தன. சிஃப்ஸ் என்று எல்லோரும் சொல்கிற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. குமரிக் கரையிலும் அதன் சங்கங்கள் வேரூன்றின. சங்கமே மீனை ஏலம் விடும். சங்கத்தின் வழியாகவே வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் கடன். திருப்பிக் கட்டுவது அன்றன்றைய விற்பனையில் ஒரு பங்காக. மீன் பட்டால் பிடித்துக்கொள்வார்கள், வெறும் வலையோடு வந்தால் பிடித்தம் இல்லை.

இதைவிடப் புத்திசாலித்தனமான கடன் ஏற்பாட்டை நான் வேலை பார்த்த இடத்தில் பார்த்ததில்லை. மீன் நிறையப் படும்போது கடனும் வேகமாக இறங்கும். கடல் மூடினால் கடனும் காத்திருக்கும்.

தனிநபர் கடன் காத்திருக்காது. எங்கள் மாவட்டத்தின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையும் உள்ள மாவட்டம் இது. சின்னமுட்டத்துக்கு முதல் கணக்கு, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இரண்டாவது. உல்லாசப் படகுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று மாப்பிள்ளை சட்டம் பேசினார். சட்டம் விட்டாலும் கடல் விட வேண்டுமே! ஆனி ஆடியில் குளச்சல் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னாலேயே கள்ளக்கடல் வந்துவிடும். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய அலை கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். 2017 நவம்பர் 30-ஐ, ஒக்கி புயல் வந்த நாளை, இந்தக் கரையில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

காயலுக்குள்ளேயே ஓட்டுகிறேன் என்றால் கொஞ்சம் தேவலாம். ஆனாலும் மழை வெள்ளம் பழையாற்றில் வரும்போது யாரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதில்லை. காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தைத் தாண்டுவது அனுபவஸ்தர்களுக்கே ஆபத்து. ஆக, நிம்மதியாகப் படகு ஓட்டுகிற மாதங்கள் என்று மார்கழி தொடங்கி பங்குனி வரைக்கும்தான் நான் நம்பிக்கையோடு சொல்வேன். தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். இந்த வட்டியைச் சம்பாதிக்கத் தெரியாத படகு தோப்பில் கிடக்கும்போதும், 5-ம் தேதி காலையில் கணக்கிலிருந்து 11,122 போய்விடும்.

தவணையோடு நிற்குமா? உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அடியில் சிப்பி பிடிக்கும், சுரண்டிப் பூச்சு அடிக்க வேண்டும். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டுகளை மாற்ற வேண்டும். உயிர்காப்பு அங்கி, நங்கூரம், கயிறு, பெட்ரோல், இழுத்துப்போக டிரெய்லர். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷச் செலவு என்று அமெரிக்கர்கள் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறார்கள். இங்கே கூலி குறைவு, ஆனால் உப்பு அதே உப்பு. அந்தக் கணக்கில் மாதம் 4,000 ரூபாய்க்குக் குறையாது. கைக்காசு கொடுத்து வாங்கியவர் இந்த 4,000 ரூபாயைத் தாங்கிக்கொள்வார். தவணையும் கட்டுகிறவர் முதலில் கைவிடுவது எஞ்சின் பராமரிப்பைத்தான். பிறகு எஞ்சின் அவரைக் கைவிடும், அதுவும் நடுக்காயலில்.

அமெரிக்கா என்றதும் ஒன்று. மாப்பிள்ளை பார்க்கிற வீடியோக்களில் எல்லாரும் கடனில்தான் படகு வாங்குகிறார்கள். எங்கள் உறவில் ஃப்ளோரிடாவில் இருக்கும் ஒரு பையனும் அப்படி வாங்கியவன்தான். அங்கே அது தனிச் சந்தை. விலையில் 10 முதல் 20 சதவீதம் முன்பணம், 15 வருஷம், 20 வருஷம் கடன். பழைய படகென்றால் படகின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் வந்து பார்ப்பார், காப்பீடு இல்லாமல் கடன் இல்லை. படுக்கை, சமையலிடம், கழிப்பறை மூன்றும் இருக்கிற படகை இரண்டாவது வீடாகக் காட்டி வட்டிக்கு வருமான வரியில் கழிவு கேட்கவும் அங்கே வழியுண்டு. 2018 முதல், கணக்குக் காட்டாமலே எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவுத் தொகை பெரிதாகிவிட்டதால் பெரும்பாலானவர்கள் அந்த வழியில் போவதே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் 20 வருஷக் கடனின் உள்ளே எட்டிப் பாருங்கள். 50,000 டாலர், 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 418 டாலர். 5 வருஷத்தில் 25,000 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்திருப்பது 6,200 டாலர் சொச்சம்தான். இன்னும் 43,700 சொச்சம் பாக்கி. 5 வருஷம் வெயிலிலும் உப்பிலும் கிடந்த படகை அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? விற்றாலும் கடன் தீராது, வைத்திருந்தாலும் செலவு தீராது. அந்தப் பையன் போனில் சொன்னதும் இதையேதான்: "மாமா, விக்கணும்னா கையிலேருந்து பணம் போடணும்." அங்கே விற்கிற சந்தை இருந்தும் இந்த நிலை. இங்கே அந்தச் சந்தையே மெலிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், இருக்கிற பணத்தையெல்லாம் வழித்துப் படகில் போடு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆறு மாதச் செலவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒதுக்கிய பணத்தைத் தொட்டால்தான் 5 லட்சம் வரும் என்றால், கடனிலும் வாங்க வேண்டாம், கைக்காசிலும் வேண்டாம். அப்படிப்பட்டவர் கேட்க வேண்டியது கடனா ரொக்கமா என்பதை அல்ல. சின்னதாக ஒரு துடுப்பு வள்ளம் போதுமா என்பதை.

நான் ஒத்துக்கொள்கிற கடன் ஒன்று உண்டு. வைப்புநிதியின் மேல் அதே வங்கியில் வாங்கும் கடன். வட்டி பொதுவாக வைப்பு விகிதத்தைவிட 1 அல்லது 2 சதவீதம் கூட. நான்கைந்து மாதத்தில் வேறு பணம் வரவிருக்கிறது, வைப்பை இப்போது உடைத்தால் வட்டியில் வெட்டுவார்கள் என்றால், அது நல்ல பாலம். வருஷக்கணக்கில் இழுத்தால் அதுவும் சாதாரணக் கடன்தான்.

நகைக்கடன் பேச்சையும் மாப்பிள்ளை எடுத்தார். தங்கை அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள்: "அண்ணே, அவரு படகுல போகட்டும். என் வளையல் போகாது." அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியில் சீட்டு. எங்கள் மாவட்டம் 1956 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததாலோ என்னவோ, சீட்டுப் பழக்கம் இங்கே கெட்டியானது. மாதம் 20,000 வீதம் 25 மாதம் என்றால் 5 லட்சம் சீட்டு. ஆரம்பத்தில் தள்ளி எடுத்தால், அதாவது ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்தால், அது கடன், கடைசியில் எடுத்தால் சேமிப்பு. நடத்துகிறவருக்கு 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 1982-ம் வருஷச் சட்டத்தில் 5 ஆக இருந்ததைப் பின்னால் வந்த திருத்தம் 7 ஆக்கியது. எல்லோரும் அடித்துப் பிடித்து ஏலம் கேட்கிற முதல் மாதங்களில் உல்லாசத்துக்காகத் தள்ளி எடுப்பது முட்டாள்தனம். பொறுத்திருந்தால் அவர்கள் தள்ளிய தொகையில் நமக்கும் பங்கு வரும். பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும். பதிவில்லாத சீட்டில் பணம் தொலைத்தவர்களின் வரிசை எங்கள் ஊரில் நீளம்.

மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு சீட்டில் பாதிக்கு மேல் வந்திருந்தார். அதுவே வழியாயிற்று. புதுப்படகு யோசனை போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், பூவாறில் ஒரு பழைய ஃபைபர் படகு விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஆடி மாதத்தில் இருவரும் போய்ப் பார்த்தோம். ஆடியில் போனது வேண்டுமென்றேதான். படகு ஓடாமல் கிடக்கும் மாதத்தில்தான் விற்பவருக்கு அது பாரமாகத் தெரியும். மார்கழியில் போயிருந்தால் விலையே வேறு. எஞ்சின் மாட்டும் பின்பலகையைத் தட்டிப் பார்த்தோம். உள்ளே மரம் ஊறிப்போயிருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். இது கணீர் என்றுதான் இருந்தது. அடியில் இரண்டு இடத்தில் ரெசின் ஒட்டுப் போட்டிருந்தார்கள், ஒட்டு நன்றாகவே பிடித்திருந்தது.

படகுக்கு விலை படிந்துவிட்டது. எஞ்சினுக்குத்தான் இன்னும் இழுபறி. அதற்குத் தனியாக ஒரு லட்சம் வேண்டும் என்கிறார் விற்பவர். குளச்சலிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் சிலிண்டருக்குள் அழுத்தம், பார்க்காமல் ஒரு ரூபாயும் கிடையாது என்கிறார் மாப்பிள்ளை. மெக்கானிக் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.